பெட்ரோல் பிராண்டை மாற்றினால் வண்டி கோபித்துக்கொள்ளுமா?

தம்பி போன் செய்தால் நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்தான். "அக்கா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. முந்தாநாள் வேற பங்க்ல போட்டேன். இந்த பிராண்டு என் வண்டிக்கு ஒத்துக்கல போல" என்றுதான் ஆரம்பிப்பான்.

அவன் மட்டுமல்ல. பெட்ரோல் டெப்போ ஒன்றின் ஆய்வகத்தில் 11 வருடம் வேலை பார்த்தவள் என்று தெரிந்தால் போதும், யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர், ஒருமுறை பல் டாக்டர். (அவர் கேட்டபோது பதில் சொல்கிற நிலையில் என் வாய் இல்லை.)

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராண்டை மாற்றலாம். டேங்கில் பாதி ஒரு கம்பெனி, பாதி இன்னொரு கம்பெனி என்று கலந்தும் ஓட்டலாம். மாற்றினோம் என்பதற்காக எஞ்சினுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதற்காக எல்லாப் பெட்ரோலும் ஒன்று என்றும் சொல்ல மாட்டேன். வித்தியாசம் உண்டு, அதைச் சரியான இடத்தில் தேடவேண்டும்.

ஒரே தொட்டி, பல நிற லாரிகள்

டெப்போவில் என் நாள் மாதிரி பாட்டில்களோடு தொடங்கும். குழாய் வழியாகவோ கப்பலிலிருந்தோ வந்த பெட்ரோல் பெரிய தொட்டியில் நிற்கும். மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் மாதிரி எடுப்போம். அடர்த்தி எவ்வளவு, ஆவியழுத்தம் எவ்வளவு, எந்த வெப்பத்தில் எத்தனை பங்கு ஆவியாகிறது, செம்புத் தகட்டை அரிக்கிறதா என்று பார்ப்போம். தேறினால்தான் தொட்டியின் வால்வைத் திறப்பார்கள்.

அதன் பிறகு டேங்கர் லாரிகள் வரிசையாக வரும். முன்னால் நிற்கும் லாரியில் ஒரு கம்பெனியின் பெயர், பின்னால் நிற்பதில் அதன் போட்டிக் கம்பெனியின் பெயர். இரண்டுக்கும் அதே தொட்டியிலிருந்து, அதே குழாய் வழியாகப் பெட்ரோல் இறங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைப் பார்த்துவிட்டு, அதுவரை இரண்டு கிலோமீட்டர் சுற்றிப்போய் ஒரே பங்க்கில் போட்டுக்கொண்டிருந்த என் அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் நம்பவில்லை. கடைசிவரை நம்பவில்லை.

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் நுழைவது லாரியில் ஏற்றும் அந்தக் கட்டத்தில்தான். ஏற்றும் குழாயோடு ஒரு சின்ன டோசிங் பம்ப் இருக்கும். அந்தந்தக் கம்பெனியின் சேர்மானத்தை அது அளந்து கலக்கும். ஆயிரம் லிட்டருக்குச் சில நூறு மில்லி, அவ்வளவுதான். விளம்பரத்தில் பாய்கிற குதிரையும் பறக்கிற தீப்பொறியும் இந்தச் சில நூறு மில்லிக்காகத்தான்.

எல்லா டெப்போவும் இப்படி இல்லை. சொந்தச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து சொந்த பங்க் வரை தனி வழியில் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அவர்களும் அந்தந்த நாட்டுத் தர விதிக்குள் நிற்கவேண்டும்: ஐரோப்பாவில் இஎன் 228, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் டி4814, இந்தியாவில் ஐஎஸ் 2796. ஒரே விதிக்குள் வருகிற இரண்டு பெட்ரோலைக் கலந்தால் கிடைப்பதும் பெட்ரோல்தான். பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலேயே பழைய லோடின் மிச்சமும் புது லோடும் கலந்துதானே கிடக்கின்றன?

இன்னொன்று. இந்த விதிகள் ஒரு புள்ளியைச் சொல்வதில்லை, ஒரு வரம்பைச் சொல்கின்றன. இஎன் 228-இன்படி 15 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் பெட்ரோல் 720 கிராம் முதல் 775 கிராம் வரை இருக்கலாம். கனம் கூடினால் ஒரு லிட்டரில் அடங்கும் ஆற்றலும் பொதுவாகக் கொஞ்சம் கூடும். ஆக, ஒரே பிராண்டின் இரண்டு லோடுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம், இரண்டு பிராண்டுகளுக்கு நடுவே உள்ளதைவிட அதிகமாக இருந்துவிடலாம். "இந்தக் கம்பெனி பெட்ரோல்ல மைலேஜ் சூப்பரா வருது" என்று சொல்பவருக்கு அந்த வாரம் கனமான லோடு வாய்த்திருக்கும்.

பெட்ரோலை மாற்றினால் எஞ்சின் போய்விடும் என்ற பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். 1921-இல் டெட்ரா எத்தில் ஈயம் நாக்கிங்கை (பெட்ரோல் நேரம் தப்பித் தானாகப் பற்றி எஞ்சின் தட்டுவதை) அடக்கும் என்று கண்டுபிடித்து, அதைப் பெட்ரோலில் கலக்க ஆரம்பித்தார்கள். பழைய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் மென்மையான இரும்பு. ஈயப் படிவு அதற்கு மெத்தைபோல இருந்தது. ஈயமில்லாத பெட்ரோல் வந்ததும் அந்த வால்வு இருக்கைகள் தேய்ந்தன. மறுபுறம், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வைத்த வண்டியில் ஈயப் பெட்ரோலைப் போட்டால் கன்வர்ட்டர் செத்தது. சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது. பயம் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

பெயர்ப்பலகையை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்

ஆக்டேனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது சக்தியின் அளவு அல்ல. நேரங்கெட்ட நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவு. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து ஒப்பிட்டுச் சொல்வது. வண்டியின் கையேட்டைத் திறங்கள். எரிபொருள் மூடியின் உட்பக்கத்திலும் எழுதியிருக்கலாம். அங்கே உள்ள எண்ணுக்குக் குறையாமல் போட்டால் போதும். கையேட்டில் "கட்டாயம்" என்று இருக்கிறதா, "பரிந்துரை" என்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். கட்டாயம் என்றால் விளையாடாதீர்கள். பரிந்துரை என்றால், குறைந்த ஆக்டேன் போட்டாலும் எஞ்சினில் உள்ள நாக் சென்சார் அந்தத் தட்டலைக் கேட்டுவிட்டு தீப்பொறி நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ளிவிடும். இழுவை ஒரு சிட்டிகை குறையும். கையேடு கேட்காத உயர் ஆக்டேனைப் போடுவது வண்டிக்குத் தெரியவே தெரியாது, பர்சுக்குத்தான் தெரியும். வேறு நாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆக்டேனை அளக்க ஆர்ஓஎன், எம்ஓஎன் என்று இரண்டு முறைகள் உண்டு. சில நாடுகளில் பம்ப்பில் எழுதுவது ஆர்ஓஎன் எண், அமெரிக்கா போன்ற இடங்களில் எழுதுவது இரண்டுக்கும் சராசரி. அமெரிக்காவில் 87 என்று இருப்பது ஆர்ஓஎன் எழுதும் நாட்டில் 91 என்று இருப்பதற்கு ஏறக்குறைய சமம். எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலில்தான் நிஜமான வித்தியாசம் இருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 10 சதவீதம் கலந்த இ10 பெட்ரோலில் மைலேஜ் சுமார் 3 சதவீதம் குறையும். 20 சதவீதம் என்றால் 6, 7 சதவீதம். "பிராண்டை மாற்றினேன், மைலேஜ் விழுந்தது" என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, இரண்டு பம்ப்பிலும் எத்தனால் அளவு என்ன எழுதியிருந்தது என்பதைத்தான். பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எத்தனால் கூடினால் எஞ்சின் என்ன செய்யும்? சுத்தப் பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ10-க்கு 14.1 பக்கம் வரும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், காற்று மிச்சமாகிறதே என்று எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்லும். ஈசியூ, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறக்கும். இந்தத் திருத்தம் நிலைத்தால் அதை நினைவில் எழுதிவைத்துக்கொள்ளும். "வண்டி ஒரு பெட்ரோலுக்குப் பழகிடும்" என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் சில பத்து கிலோமீட்டரில் மாறிவிடும். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் மொத்தமாகவே அழிந்துவிடும். புது பேட்டரி போட்ட முதல் நாள் ஐடிலிங் கொஞ்சம் தடுமாறுவதும் அதனால்தான். பிராண்டைக் குறை சொல்லாதீர்கள்.

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை மாறாது, சென்சாரும் இல்லை. எத்தனால் கூடினால் கலவை மெலியும், பழைய ரப்பர் ஹோஸ்களும் கேஸ்கெட்டுகளும் ஊறிப்போகும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் பிராண்டை மறந்துவிட்டு எத்தனால் அளவை மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் டிடர்ஜென்ட். முன்னே சொன்ன அந்தச் சில நூறு மில்லியில் முக்கியமான சரக்கு இதுதான்: சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் முதுகிலும் இன்ஜெக்டர் முனையிலும் கரி படியாமல் பார்த்துக்கொள்வது. பிராண்டு என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் உண்டென்றால் இங்கேதான். அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் ஒரு குறைந்தபட்ச டிடர்ஜென்ட் கட்டாயம். அது போதவில்லை என்று பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய கார் கம்பெனிகள் 2004-இல் சேர்ந்து "டாப் டியர்" என்று ஒரு கூடுதல் தரத்தை அறிவித்தன. 2016-இல் அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ ஒரு சோதனை செய்தது. எஞ்சினை 100 மணி நேரம், அதாவது சுமார் 4,000 மைல் ஓட்டத்துக்கு இணையாக ஓட்டிப் பார்த்ததில், அந்தத் தரம் இல்லாத பெட்ரோல்களில் இன்டேக் வால்வுப் படிவு சராசரியாக 19 மடங்கு அதிகம்.

19 மடங்கு என்றதும் தூக்கிவாரிப் போடும். ஆனால் இது ஒரு டேங்கில் நடப்பதல்ல. மாதக்கணக்கில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் மெல்லச் சேர்வது. நடுவே இரண்டு மூன்று முறை சுமாரான பெட்ரோல் போட்டால் குடி முழுகாது. நல்ல டிடர்ஜென்ட் உள்ளதற்குத் திரும்பினால் படிவு மெல்ல மெல்லக் குறையவும் செய்யும். என் பழக்கம் இது: டிடர்ஜென்ட் தரத்தை வெளிப்படையாகச் சொல்கிற பெட்ரோல் கிடைத்தால் பெரும்பாலும் அதைப் போடுவேன், கிடைக்காத நாளில் கிடைத்ததைப் போடுவேன்.

உங்களுடையது நேரடி ஊசி எஞ்சினாக, அதாவது பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவதாக இருந்தால், பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடவே தொடாது. தொடாததை எந்த டிடர்ஜென்ட்டும் கழுவ முடியாது. இன்ஜெக்டர் முனைக்கு உதவும். "வால்வைச் சுத்தம் செய்யும்" என்ற வாசகத்தை மட்டும் அந்த வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே கடந்துபோகலாம்.

நிலத்துக்கடியில் இருப்பது

என் அனுபவத்தில் பெட்ரோலால் நின்றுபோன வண்டிகளில் பெரும்பாலானவை நின்றது பங்க்கின் தொட்டியால். டெப்போவிலிருந்து சுத்தமாகப் போன பெட்ரோல், நிலத்தடித் தொட்டியில் தண்ணீரோடு குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும் என்பதை என் சொந்த வண்டியிலேயே பார்த்தேன்.

இரண்டு நாள் அடைமழை விட்ட காலை. நான் வழக்கமாகப் போடும் அதே பிராண்டுதான், பங்க் மட்டும் வேறு. 30 லிட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினேன். 2 கிலோமீட்டர் போயிருப்பேன். வண்டி இரண்டு முறை குலுங்கி, ஓரங்கட்டக்கூட அவகாசம் தராமல் நின்றது. 11 வருடம் இதையே வேலையாகச் செய்தவளுக்குக்கூட முதலில் தோன்றியது பேட்டரிதான். பிறகு டேங்கை இறக்கி, அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தபோது, கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக ஒரு அடுக்கு, மேலே தெளிந்த பெட்ரோல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். காரின் பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து எரித்துவிடும். இ10 என்றால் சுமார் 15 டிகிரியில் அரை சதவீதம் வரை தாங்கும், 30 லிட்டருக்கு 150 மில்லி. அந்த அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலிலோ எத்தனால் தந்த ஆக்டேன் போயிருக்கும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

இதைத் தவிர்க்க நான் செய்வது பெரிய வித்தையல்ல. நிறைய வண்டி வந்துபோகும் பங்க்காகப் பார்ப்பேன். சரக்கு வேகமாகத் தீர்ந்தால் தொட்டியில் பழசாக நிற்காது. டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் அன்று போட மாட்டேன். பம்ப்பில் வடிகட்டி இருக்கிறது, உண்மை. ஆனாலும் அடிமண்டி கிளம்பியிருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் போடவேண்டும் என்று என்ன கட்டாயம்? வெள்ளம் புகுந்த இடத்து பங்க்கைச் சில நாள் விட்டுவிடுவேன். சந்தேகம் வந்தால் தண்ணீர் சோதனை செய்தீர்களா என்று கேட்பேன். டிப் ராடின் முனையில் ஒரு பசையைத் தடவி தொட்டிக்குள் விடுவார்கள், தண்ணீர் பட்ட உயரம் வரை பசையின் நிறம் மாறும். ஒழுங்காக நடக்கும் பங்க்கில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் சுருங்கி இருக்கும், அதிகம் கிடைக்கும் என்பார்கள். 10 டிகிரி மாறினால் பெட்ரோலின் கன அளவு மாறுவது சுமார் 1 சதவீதம். நிலத்தடித் தொட்டியின் வெப்பம் காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரியெல்லாம் மாறாது. தூங்குங்கள்.

உங்கள் வண்டியில் நீங்களே பார்ப்பது

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்னுடையது கையுறைப் பெட்டியில் இருக்கிறது, மூலையில் எண்ணெய்க் கறையோடு. ஒவ்வொரு முறையும் தேதி, ஓடோமீட்டர், லிட்டர், பங்க், எத்தனால் அளவு, டயர் காற்று பார்த்தேனா, ஏசி ஓடியதா என்று ஒரே வரியில் எழுதுவேன்.

ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். 40 லிட்டர் டேங்கில் 10 லிட்டர் மிச்சம் இருக்கும்போது புது பிராண்டு 30 லிட்டர் போட்டால், உள்ளே கால் பங்கு பழசுதான். அடுத்த முறையும் அப்படியே போட்டால் பழசு 6 சதவீதத்துக்கு இறங்கும், அதற்கடுத்து 2-க்கும் கீழே. ஆகவே மாற்றிய பிறகு முதல் இரண்டு டேங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நாசில் "டக்" என்று நிற்பதும் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் நிற்காது. அரை லிட்டர் முன்பின் இருக்கும். 30 லிட்டரில் அரை லிட்டர் என்றால் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் பிழை. இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாக மைலேஜ் போட்டுச் சராசரி எடுக்காமல், நான்கு டேங்கின் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். நடுவில் வந்த முன்பின் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஆரம்பத்திலும் கடைசியிலும் வந்த பிழை மட்டும் 120 லிட்டரில் கரையும். அந்தக் கடைசி முறையை ஆரம்பித்த அதே பம்ப்பில், முதல் "டக்"கோடு நிறுத்தினால் இன்னும் நல்லது.

நான் செய்தது இப்படி: முதல் பிராண்டு நான்கு டேங்க், இரண்டாவது நான்கு, மறுபடி முதல் பிராண்டு நான்கு. திரும்ப வரும் அந்த மூன்றாவது சுற்றை யாரும் செய்வதில்லை, ஆனால் சோதனையின் உயிரே அதில்தான். பருவம் மாறியிருக்கும், டயர் தேய்ந்திருக்கும், பள்ளி விடுமுறையில் போக்குவரத்து குறைந்திருக்கும். அதெல்லாம் பிராண்டின் கணக்கில் ஏறிவிடாமல் இந்தச் சுற்று காப்பாற்றும். எனக்கு லிட்டருக்கு 15.9, 16.0, 15.8 கிலோமீட்டர் வந்தது. ஒரே பிராண்டுக்குள்ளேயே தனித்தனி டேங்குகள் 15.4-க்கும் 16.6-க்கும் நடுவே ஆடியிருந்தன. அப்படியிருக்க 15.9-க்கும் 16.0-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தூக்கிப் பிடிப்பதில் அர்த்தமில்லை.

மைலேஜ் சரி, "பிக்கப்" மாறியதே என்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் கதை. ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவேன் என்றார். எட்டு முறை நானே போய்ப் போட்டுவிட்டு, பில்லை ஒளித்துவைத்து, அவரைச் சொல்லச் சொன்னேன். நான்கு சரி. நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவு வரும். அவர் இன்னும் அது என் சோதனையில் ஏதோ தப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கொஞ்சம் ஆர்வம் இருந்தால், வண்டியின் கணினி சொல்வதைப் படித்துக் காட்டும் ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்குங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் பார்ப்பது. அதில் நெடுங்கால ஃபியூயல் டிரிம் என்று ஒரு சதவீதம் வரும். ஈசியூ எழுதிவைத்துக்கொள்ளும் என்றேனே, அந்தத் திருத்தம் இதுதான். பூஜ்யத்திலிருந்து இருபுறமும் 10-க்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு நீண்ட பயணத்தில் எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தது. நெடுஞ்சாலை ஓட்டம் என்பதால் மைலேஜை ஒப்பிட முடியாது, ஆனால் டிரிம் +4-இலிருந்து பூஜ்யத்தை ஒட்டி இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். இ10-க்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலும் கணக்குப்படி அதே 4 சதவீதம்தான். இரண்டு பிராண்டுக்கு நடுவே டிரிம் அசையவில்லை என்றால், எஞ்சினைப் பொறுத்தவரை கலவையில் மாற்றமில்லை.

போட்ட பிறகு மக்கர் செய்தால்

எப்போது ஆரம்பித்தது என்பதை முதலில் பாருங்கள். பங்க்கை விட்டு முதல் சில கிலோமீட்டருக்குள் குலுங்கினால் தண்ணீர், அல்லது டீசல் மாறிப் போட்டது. உடனே எஞ்சினை அணையுங்கள். மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், அடிக்க அடிக்க அந்தச் சரக்கு இன்னும் உள்ளே போகும். டீசல் போட்டது கிளம்பும் முன்பே தெரிந்துவிட்டால் சாவியையே திருப்ப வேண்டாம், தள்ளி ஓரங்கட்டுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மெக்கானிக் டேங்கைக் காலி செய்யும்போது அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் மாதிரி எடுத்து, மூடி, தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். சண்டை போடப் போகும்போது அந்த பாட்டில்தான் பேசும். வாயால் உறிஞ்சி எடுக்கிற வேலையே வேண்டாம். ஒரு மடக்கு பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஏற்றத்தில் மட்டும் கிணுகிணு என்று நாக்கிங் கேட்டால், ஆக்டேன் குறைவாகப் போட்டீர்களா என்று பில்லில் பாருங்கள். மெதுவாக மிதித்து ஓட்டி, பாதி டேங்க் ஆனதும் கையேட்டில் உள்ள ஆக்டேனை நிரப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இழுவை குறைந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் பக்கம் போங்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். எப்போது போட்டாய் என்றேன். இரண்டு நாள் முன், 150 கிலோமீட்டர் ஓடியாச்சு என்றான். எப்போது தடுமாறுகிறது என்றேன். மேடு ஏறும்போது மட்டும். என் ஸ்கேனரைக் கொடுத்தனுப்பினேன். பி0302 என்ற பிழைக் கோட் வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர், சரியாகப் பற்றவில்லை. பெட்ரோல் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே டேங்கிலிருந்துதான் போகிறது. அது கெட்டிருந்தால் நான்கும் சேர்ந்து இருமும். பல சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று சொல்லும் பி0300 என்றோ, கலவை மெலிந்ததைச் சொல்லும் பி0171 என்றோ வரும். ஒரே சிலிண்டர் என்றால் பெரும்பாலும் காயில் (பிளக்குக்கு மின்சாரம் தருவது), பிளக், இன்ஜெக்டர் இந்த மூன்றில் ஒன்று.

"எஞ்சினை அணைச்சு ஆறவிடு. ரெண்டாவது சிலிண்டர் காயிலையும் மூணாவது சிலிண்டர் காயிலையும் இடம் மாத்திப் போடு. ஸ்கேனர்ல அந்தப் பிழைக் கோட அழிச்சிட்டு அதே மேட்டுல ஏத்திப் பாரு" என்றேன்.

மறுநாள் போன் வந்தது. "அக்கா, இப்போ 0303 வருது." காயில் போன இடத்துக்கே கோளாறும் போயிருந்தது.

காயிலை மாற்றினான், வண்டி சரியாகிவிட்டது. பெட்ரோல் மட்டும் பழைய பங்க்கில்தான் போடுகிறானாம். கேட்டால், அங்கே காற்று அடிக்கிற பையன் நல்ல பையன் என்கிறான்.